நடுரோட்டு பஸ்ஸை விட்டு வந்தவர்

டிப்போவில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டுப் பாடுவார், ஊர்வம்பு பேசுவார் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் டூட்டிக்கு வந்தால் ஒரு தலையாட்டல், முடிந்து போகும்போது இன்னொரு தலையாட்டல், நடுவில் யாராவது ஏதாவது கேட்டால் ஒரு ‘ம்’. அந்த ஸ்டேஷனில் நாள் முழுக்க வருகிற நிகழ்ச்சி அவ்வளவுதான். பட்டப்பெயர் வைக்கிற ஆட்களுக்கு டிப்போவில் என்றைக்கும் பஞ்சமில்லை. யாரோ ஒரு மெக்கானிக் சிரிப்புக்காக வைத்தார், அப்படியே ஒட்டிக்கொண்டது.

நல்ல டிரைவர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிற கர்ப்பிணிப் பெண்கூட ஆடமாட்டாள். ஆனால் பஸ்ஸை ஓட்டுகிற கெட்டிக்காரத்தனம் குடும்பம் ஓட்ட உதவவில்லை. கல்யாணம் ஆகியிருந்தது. அந்த அம்மாளும் சில வருஷம் பொறுத்துத்தான் பார்த்தாள். “செவுத்தோட பேசினாலாவது எதிரொலி வரும், இந்த மனுஷனோட எப்படிக் குப்பை கொட்டறது” என்று சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. சண்டையும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு வரலாமென்று அவள் வீட்டு வாசல்வரை போனாராம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தெருமுனையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாராம். அட, என்ன மனுஷன் ஐயா இவர் என்று எனக்கே கோபம் வருகிறது. ஆனால் அன்றைக்கு அந்த டீக்கடையில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று நினைத்தால் கோபம் போய்விடுகிறது.

அச்சுக்கூடம் ஒன்றின் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு, காக்கிச் சட்டை காய்கிற ஒரு கயிறு. கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது தரை லேசாக நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது. அன்றைக்குத்தான் அவருக்கு அந்த அறை பிடிக்காது.

இப்படிப்பட்டவருக்கும் உலகத்தில் ஒரு ஆள் இருந்தாள். அவருடைய அக்கா.

அக்கா அவருக்கு நேர் எதிர். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொதிக்கிற தொட்டிகளும் சுழல்கிற இயந்திரங்களும் போடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, காதோடு சொல்கிற ரகசியத்தைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கிடையாது. ஊரின் மேல்பக்கம் கல்குவாரி மேட்டில் அவள் வீடு. பஸ் போய்த் திரும்புகிற இடத்துக்கு நேர் எதிரே கடைசி வீடு அதுதான். இவர் ஓட்டின பழைய ரூட் அங்கேதான் முடியும்.

அது என்ன ரூட் என்கிறீர்கள்! மார்க்கெட்டில் கிளம்பி, மெயின் ரோட்டில் லாரிக்கும் காருக்கும் நடுவே ஊர்ந்து, சந்துபொந்தெல்லாம் நுழைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறும். அந்த பஸ்ஸில் ஏறினவர்கள் சொன்ன நேரத்துக்கு எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு டிரிப்புக்கும் மேட்டில் கொஞ்ச நேரம் ஓய்வு உண்டு. இவர் இன்ஜினை நிறுத்துவதற்குள் அக்கா டீயோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பாள். கீழ்த்தெருவில் நடந்த சண்டை, குழாயில் தண்ணீர் வராதது, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள், முழங்கால் வலி, மூட்டுக்குத் தடவுகிற தைலம் என்று அவள் பாட்டுக்குக் கொட்டுவாள். இவர் டீயைக் குடித்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவார். கண்டக்டர் வந்து மணியை இரண்டு தடவை அடித்ததும் கிளம்பிவிடுவார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படி. அந்த மனுஷனுக்கு வீடு, உறவு, பேச்சுத்துணை எல்லாமே அந்த ஜன்னல்தான்.

அப்புறம் நடுரோட்டு பஸ் வந்தது.

அதிகாரிகள் அதற்கு அழகாக ‘விரைவுத் தடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் நடுரோட்டு பஸ் என்றார்கள். மெயின் ரோட்டின் நடுவே இரண்டு பக்கமும் தடுப்புக்கட்டை போட்டு, பஸ்ஸுக்கென்றே தனி வழி. வேறு எந்த வண்டியும் உள்ளே நுழையக்கூடாது. சாலையின் நட்டநடுவில் கண்ணாடி வைத்த நிலையங்கள். நடைமேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம், படியே கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவர் அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம். பொய் சொல்லக்கூடாது, நல்ல காரியம்தான். முன்பெல்லாம் பஸ்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்கள், பிள்ளைகள் தூங்குவதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பைக்கை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தவர்களும் உண்டு.

ஆனால் இந்தத் தடத்துக்குப் பஸ் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா குதிக்கும்? சந்துகளிலும் மேடுகளிலும் ஓடிக்கொண்டிருந்த ரூட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, அந்த டிரைவர்களையும் டூட்டிகளையும் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். கல்குவாரி ரூட்டும் அதில் போயிற்று. மேட்டு ஜனங்களை மெயின் ரோட்டில் கொண்டுவந்து விட இணைப்பு பஸ் பின்னால் வரும் என்றார்கள். பின்னால் என்றால் எவ்வளவு பின்னால் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நல்ல டிரைவர் என்பதால் ரேடியோவைப் புது பஸ்ஸுக்குப் பொறுக்கி எடுத்தார்கள். மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். குளுகுளு வண்டி, புதுச் சீருடை. ‘ரேடியோவுக்கு வந்த வாழ்வைப் பாரு’ என்று டிப்போவே பேசிற்று. ஆனால் அந்த வண்டியில் கண்டக்டர் இல்லை. டிக்கெட்டெல்லாம் நிலையத்து வாசலிலேயே முடிந்துவிடும். டிரைவருக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு, அதில் ‘டிரைவரிடம் பேசாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. இவரிடம் போய் அதை ஒட்டினார்களே, அந்தக் கொடுமையை என்ன சொல்ல! பேசாதவருக்கும் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கிற சத்தம் வேண்டியிருக்கிறது. அடுத்த நிலையம் எது என்று சொல்ல ஒரு பெண் குரலைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். நாள் முழுக்க அவருக்குத் துணை அந்தக் குரல்தான்.

ஆரம்பத்தில் லீவு நாளில் அக்காவைப் பார்க்கப் போனார். மேட்டுக்குக் கீழே நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் ஏற வேண்டும். ஆட்டோக்காரர் ஆள் நிரம்பாமல் நகரமாட்டார். போய்ச் சேர்வதற்குள் மூச்சு முட்டும், திரும்பி வந்தால் ஒரு நாள் போய்விடும். அப்புறம் டூட்டியை மாற்றினார்கள். லீவில் துணி துவைக்கவும் தூங்கவுமே நேரம் சரியாக இருந்தது. போவது குறைந்தது, பிறகு நின்றுபோயிற்று.

போன் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. ஆனால் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறவளுக்கு இவர் முகம் தெரியும், ‘ம்’ போதும். போனில் அது எடுபடவில்லை.

“டேய், லைன்ல இருக்கியா, போயிட்டியா?” என்பாள் அக்கா.

“ம், இருக்கேன்.”

“இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்க என்னால முடியாதுடா. ஏதாவது பேசு. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்டே?”

“கடையிலதான்.”

இதற்கு மேல் எதைப் பிடித்துக்கொண்டு அவள் பேசுவாள்? போனை வைத்துவிடுவாள். வரவர அந்த அழைப்புகளும் குறைந்தன. அக்கா அங்கே தனியாகக் கிடந்து தவிக்கிறாள், தன் பஸ் வராதா என்று ஏங்குகிறாள் என்று இவர் மனசுக்குள் வைத்துப் புழுங்கினார். அதை அவளிடம் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை.

ஒருநாள் மாலை, கூட்டமான நேரம். டிரைவர் கதவுக்குப் பின்னாலேயே இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டு வந்தார்கள். ஒருவர் வங்கி ஊழியர், இன்னொருத்தி வீட்டுவேலைக்குப் போய்வருகிற பெண்.

“முன்னெல்லாம் வீட்டுக்குப் போறதுக்குள்ள பாதி உசிரு போயிடும். இப்ப ஒரு குட்டித் தூக்கம் போடறதுக்குள்ள எறங்கற எடம் வந்துடுது. இந்த ஊர்ல நடந்த ஒரே உருப்படியான காரியம் இதுதாம்மா” என்றார் அவர்.

“உங்களுக்கு என்ன சார், எறங்கினா வீடு. நான் எறங்கி அப்புறமா மலை ஏறணும். எங்க மேட்டு பஸ்ஸைப் பிடுங்கித்தானே இங்க விட்டிருக்காங்க? இது பறக்குது, நான் இல்லேன்னு சொல்லல. என் கால் தேயறது யாருக்குத் தெரியுது?”

“இணைப்பு பஸ் விடறதா பேப்பர்ல போட்டிருக்கானே.”

“பேப்பர்ல விட்டா ஏறிப் போயிடலாமா? போங்க சார். எங்க மேட்டுல ஒரு அம்மா இருக்கு. பஸ்ஸு திரும்பற எடத்துல வீடு, முட்டி வேற சரியில்ல. சாயங்காலம் ஆனா வாசல்ல நாற்காலியப் போட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது. ஏம்மா இப்படி உக்காந்திருக்கேன்னு கேட்டா, ‘வரும்டி, என்னைக்காவது வராமலா போயிடும்’னு சொல்லுது. எனக்கே அழுகை வந்துடுச்சு.”

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறு யாராக இருக்கும்? அந்தத் திருப்பத்தில் வேறு வீடே கிடையாது. அக்காதான். தன்னைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்குள் நிலையம் வந்துவிட்டது. வழக்கம்போல அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினார். கை போய் பட்டனை அழுத்திற்று.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாதாரண பஸ்ஸுக்குக் கதவு இடது பக்கம், சாலை ஓரத்தைப் பார்த்து இருக்கும். நடுரோட்டு பஸ்ஸுக்கோ நிலையம் வலது பக்கம். தடம் முடிகிற இடத்தில் ஓரமாகவும் நிறுத்த வேண்டியிருப்பதால் இரண்டு பக்கமும் கதவு வைத்து, இரண்டு பட்டன் வைத்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இடது பக்கமே திறந்த கை அவருடையது. புத்தி கூடவே இருந்து இழுத்துப் பிடித்தால்தான் அது வலது பட்டனுக்குப் போகும். அன்றைக்குப் புத்தி கல்குவாரி மேட்டில் இருந்தது. கை தன் பழைய வேலையைப் பார்த்துவிட்டது.

இடது கதவு விரியத் திறந்தது. கீழே தடுப்புக்கட்டை, அதையொட்டிப் பைக்குகளும் கார்களும் சீறிக்கொண்டு போகிற சாலை. கதவில் சாய்ந்து நின்றிருந்த ஒரு குண்டு மனிதர் அப்படியே வெளியே சாய்ந்தார். வங்கி ஊழியர் அவர் சட்டைக் காலரைப் பிடிக்க, அந்தப் பெண் வங்கி ஊழியரைப் பிடிக்க, மூன்று பேருமாக உள்ளே வந்து விழுந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குண்டு மனிதருடைய ஒரு செருப்பு மட்டும் சாலையில் விழுந்து, லாரிச் சக்கரத்தில் அகப்பட்டுப் போயே போய்விட்டது.

அவர் லேசில் விடுகிற ஆளாக இல்லை. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்போடு நேரே டிப்போவுக்கு வந்து மேனேஜர் முன்னால் நின்றார். “செருப்பு போனா போகுது சார், நான் போயிருந்தா? என் பொண்டாட்டிக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?” என்று மேஜையைத் தட்டினார். நியாயம்தானே. ரேடியோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தன்னால் ஒரு உயிர் போயிருக்கும் என்கிற நினைப்பு அவரை உலுக்கிவிட்டது.

குண்டு மனிதரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு மேனேஜர் கதவைச் சாத்தினார். சின்ன வயசுக்காரர், தங்கமான மனுஷர்.

“என்ன அண்ணே இது? உங்க கையிலயா இப்படி நடக்கும்?”

ரேடியோ வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“சரி, விடுங்க. மறுபடி டிரெய்னிங் போயிட்டு வாங்க. திரும்ப இதே வண்டியில ஏத்திவிடறது என் பொறுப்பு.”

“வேணாம் சார்” என்றார் ரேடியோ. அப்புறம் அவர் சர்வீஸிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார். “கல்குவாரி மேட்டுக்கு இணைப்புக்குன்னு சின்ன பஸ் விடப் போறீங்களாமே. அதை எனக்குக் குடுங்க.”

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, அதுக்கு ஆளே கிடைக்கலண்ணே. ரோடா அது? குண்டும் குழியும். உங்க வண்டிக்கு டிப்போவே ஆலாப் பறக்குது. யோசிச்சுத்தான் பேசறீங்களா? ஒரு தடவை விட்டீங்கன்னா, ரிட்டயர் ஆகற வரைக்கும் இங்க திரும்ப வர முடியாது.”

“ம்.”

மேனேஜர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன், வந்த வாழ்வைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று டிப்போவில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ரேடியோவுக்கு அன்றைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போய் நின்று, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை நினைத்து நினைத்து அந்த ஒற்றை அறையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

சின்ன பஸ் ஓட ஆரம்பித்த முதல் நாள் காலையில் முகச்சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மேடேறித் திருப்பத்தில் வண்டியை வளைத்தபோது அங்கே பெரிய வரிசையே நின்றிருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். வரிசையில் முதல் ஆள் அக்கா. நல்ல துணி உடுத்தி, தலைவாரி, காலடியில் ஒரு பெரிய பையோடு நின்றிருந்தாள்.

“அடேய்! நீயாடா? நீயா இதை ஓட்டறே?” தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். உள்ளே ஏறி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “எளைச்சுப் போயிட்டியேடா, பாவி!”

முன்சீட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மேடு முழுக்க இறங்குகிற வரைக்கும் நிறுத்தவில்லை. படி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது பார், உன் பழைய பஸ்ஸில் ஏற ஏணி வைக்க வேண்டும் என்றாள். கீழ்த்தெருச் சண்டை தீர்ந்த கதையைச் சொன்னாள். குண்டும் குழியுமாகத்தான் இருந்தது ரோடு. ரேடியோவுக்கு அந்த ரோடு இன்னும் நீளமாக இருந்தால் தேவலை என்றிருந்தது. கீழே போய்த் திரும்பி, தன்னோடு மறுபடி மேலே வருவாள் என்று நினைத்துக்கொண்டார்.

“என்கூட சலவைக்கூடத்துல இருந்தாளே, நெட்டச்சி, அவ இப்ப அந்தக் கோடியில ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. எப்பவோ கூப்பிட்டுட்டா. நின்னுக்கிட்டு வேலை செய்ய வேண்டாமாம், உக்காந்துக்கிட்டே துணி மடிச்சு வெச்சாப் போதுமாம். பழைய கும்பல் நாலு பேர் அங்கதான் இருக்காளுக. தங்க ரூமும் உண்டு. எப்படிப் போறது? இந்த முட்டியோட மேடு எறங்க முடியுமா? இந்தச் சின்ன பஸ் வந்துட்டா கீழ போயி நடுரோட்டு பஸ்ஸைப் பிடிச்சு ஒரே மூச்சுல போயிடலாம்னு சொன்னாங்க. தெனம் சாயங்காலம் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்டா, எப்ப வரும் எப்ப வரும்னு. வீட்டைப் பூட்டிட்டேன். எப்பவாவது வந்து பெருக்கிட்டுப் போகணும்.”

ரேடியோ கியரை மாற்றினார். கை தானாக மாற்றிற்று.

கீழே நிலையத்தின் எதிரே வண்டி நின்றது. ஜனங்கள் திபுதிபுவென்று இறங்கினார்கள். நடுரோட்டு பஸ் ஒன்று பளபளவென்று வந்துகொண்டிருந்தது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது போலிருக்கிறது.

“ஏன்டா, நீ அந்தப் பெரிய வண்டியிலதானே இருந்தே? உன் வண்டியிலயே ஏறிப் போகலாம்னு நெனச்சேனே. அதை விட்டுட்டு எதுக்குடா இந்தத் தகர டப்பாவுக்கு வந்தே?”

அவர் வாயைத் திறந்தார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதை வெளியே எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், எப்போதுமே வேண்டும். அங்கே பஸ் வந்து நின்றுவிட்டது.

“சரி சரி, அப்புறம் போன்ல சொல்லு. என் பஸ் வந்துடுச்சு!”

முட்டிவலியெல்லாம் எங்கே போயிற்றோ, சாலையைக் கடந்து விறுவிறுவென்று நிலையத்துச் சரிவுப்பாதையில் ஏறிப் போனாள். கண்ணாடிக்குள் பையோடு நுழைவது தெரிந்தது. ஏறினதும் பக்கத்து சீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் தெரிந்தது. பஸ் நகர்ந்து, வேகம் எடுத்து, போய்விட்டது.

“உன்னைப் பாக்கத்தான் அக்கா வந்தேன்” என்றார் ரேடியோ.

மேட்டுக்குப் போவதற்காகப் படியில் கால் வைத்திருந்த ஒரு பெண் நின்றாள். “என்ன சார் சொன்னீங்க? யாரைப் பாக்க?”

“ஒண்ணுமில்லம்மா. ஏறுங்க, கிளம்பணும்.”